ரொட்டிக்கடைக் கணக்கில் கிடைத்த ஓவியர்

கேள்வி: டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் ஒரு கடிதமோ நாட்குறிப்போ விட்டுச் செல்லவில்லை என்கிறார்கள். ஆனால் அவருடைய மாமியார், மைத்துனர், ரொட்டிக்கடைப் பாக்கி வரைக்கும் புத்தகங்களில் வருகிறதே. இதெல்லாம் எங்கிருந்து தெரிந்தது? நம்பலாமா?

நம்பலாம். வெர்மீர் (1632–1675) தன்னைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை என்பது உண்மை. அவர் வரைந்தவை என்று இன்று சொல்லப்படும் ஓவியங்களே 37-ஐத் தாண்டாது. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் கடன் வாங்கினார்கள், ஜாமீன் நின்றார்கள், உயில் எழுதினார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாட்சி சொன்னார்கள். அந்தக் காகிதங்கள் 300 வருடம் கழித்தும் அவர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஒரு குடும்பத்தின் கதையாகவும் ஒரு நகரத்தின் கதையாகவும் கோத்துக் கொடுத்தவர் ஜான் மைக்கேல் மான்டியாஸ். நீங்கள் படித்த மாமியார் கதையும் ரொட்டிப் பாக்கியும் பெரும்பாலும் அவர் 1989-ல் வெளியிட்ட 'வெர்மீரும் அவருடைய சுற்றமும்' என்ற ஆங்கில நூலின் வழியாகப் பரவியவைதான்.

மான்டியாஸ் கலை வரலாறு படித்தவர் இல்லை. 1928-ல் பாரிஸில் பிறந்து, போர்க்காலத்தில் சிறுவனாக அமெரிக்கா போய், யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானவர். போலந்தின் மத்தியத் திட்டமிடல், கம்யூனிஸ்ட் ருமேனியாவின் வளர்ச்சி, இவைதான் அவர் முதலில் எழுதிய புத்தகங்களின் பொருள். நடுவயதில் டச்சு ஓவியர் சங்கம் ஒன்று எப்படி இயங்கியது, விலை, கூலி, பயிற்சிக் கட்டணம் எல்லாம் எப்படி இருந்தன என்று பார்க்க டெல்ஃப்ட் காப்பகத்துக்குப் போனார். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் அங்கிருந்து அவர் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். 1982-ல் டெல்ஃப்டின் ஓவியர்களையும் கைவினைஞர்களையும் பற்றி ஒரு புத்தகம், ஏழு ஆண்டு கழித்து வெர்மீர் புத்தகம், 2002-ல் ஆம்ஸ்டர்டாம் ஏலங்களைப் பற்றி ஒன்று. 2005-ல் இறந்தார்.

ஏன் அந்த ஊரில் மட்டும் இவ்வளவு காகிதம் என்று கேட்கலாம். அங்கே எதற்கெடுத்தாலும் நோட்டரியிடம் போவார்கள். டச்சு மொழியில் 'நொத்தாரிஸ்'. இலங்கைத் தமிழில் இன்றும் நொத்தாரிசு என்கிறோமே, அதே சொல்தான். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது தோம்பு எழுதி நிலங்களைப் பதிவு செய்த அதே பழக்கத்தின் தாய்வீடு அது. கடன் பத்திரம், உயில், கல்யாண ஒப்பந்தம் மட்டும் இல்லை. தெருவில் ஒருவன் இன்னொருவனைத் திட்டினால், அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி நொத்தாரிசிடம் வந்து அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே பதிவு செய்வாள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு குறி போடுவார்கள். நம் பழைய பத்திரங்களில் 'இன்னார் கீறல்' என்று இருக்குமே, அதுபோல. இதோடு அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் கவனிக்க நகரத்தில் ஒரு தனி மன்றமும் இருந்தது. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால் வீட்டில் உள்ள சட்டி பானை, சட்டை, படம் எல்லாவற்றையும் அறை அறையாகப் பட்டியல் போட்டுவிடுவார்கள்.

மான்டியாஸுக்கு முன்பும் இந்தக் காகிதங்களைத் தேடியவர்கள் உண்டு. ஆபிரகாம் பிரெடியஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முக்கியமான சில ஆவணங்களை எடுத்துப் பதிப்பித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வான் பேர் என்ற ஆய்வாளர் குடும்பத்தைப் பற்றிய பலவற்றைக் கண்டெடுத்தார். மான்டியாஸ் புதியனவும் கண்டுபிடித்தார். ஆனால் அவருடைய பெரிய வேலை, வெர்மீர் பெயர் வராத காகிதங்களையும் ஒதுக்காமல் படித்தது. அதில்தான் குடும்பம் வெளியே வந்தது.

அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா பால்டென்ஸ் கெர்ரிட்ஸ் கள்ள நாணயம் அடித்த கும்பலில் இருந்தவர். 1620 வாக்கில் பிடிபட்டார்கள். முக்கியமான இருவரின் தலை வெட்டப்பட்டது. தாத்தா விசாரணையில் ஒத்துழைத்துத் தப்பித்தார். அப்பாவைப் பெற்ற பாட்டி நீல்ட்ஹே கோரிஸ் பழைய கட்டில், மெத்தை வாங்கி விற்றவர். குலுக்கல் சீட்டும் நடத்தினார், கடைசியில் நொடித்தும் போனார். அப்பா ரெய்னியர் யான்ஸ் ஆம்ஸ்டர்டாமில் பட்டு நெசவு கற்றவர். டெல்ஃப்டுக்கு வந்து மதுவிடுதி நடத்தினார், 1631-ல் ஓவிய வியாபாரியாகச் சங்கத்தில் பதிந்தார், பத்து வருடம் கழித்துச் சந்தைச் சதுக்கத்திலேயே 'மெக்கலென்' என்ற பெரிய விடுதியைக் கடன்மேல் கடன் வைத்து வாங்கினார். அம்மா டிக்னா பால்டென்ஸுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கீறல்தான்.

எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. வெர்மீரின் ஓவியங்களை முதலில் பார்த்தபோது, இவர் ஏதோ அமைதியான, வசதியான வீட்டில் பிறந்து வளர்ந்திருப்பார் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம், தனியாகக் கடிதம் படிக்கும் பெண், ஓசையே இல்லாத அறை. ஆனால் அந்தப் பையன் வளர்ந்த இடத்தில் கீழே குடிகாரர்கள் சத்தம், சுவரில் விற்பனைக்கு மாட்டிய படங்கள், வாசலில் கடன்காரர்கள்.

1653 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது. கதரீனா போல்நெஸ் என்ற பெண்ணை வெர்மீர் மணக்க விரும்புகிறார். பெண்ணின் தாய் மரியா தின்ஸ் நல்ல சொத்துள்ள கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; பையனோ கடனில் மூழ்கிய விடுதிக்காரரின் மகன், பிராட்டஸ்டன்ட் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன். பையனுக்காகப் பேச இரண்டு பெரிய மனிதர்கள் போகிறார்கள்: ஒருவர் லெயோனார்ட் பிராமர் என்ற பேர்பெற்ற ஓவியர், இன்னொருவர் மெல்லிங் என்ற படைத் தலைவர். கூடவே ஒரு நொத்தாரிசு. கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும் இல்லையா, அதற்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மரியா தின்ஸ் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஆனால் ஓலை வாசிப்பதைத் தடுக்கவும் மாட்டேன், பொறுத்துக்கொள்வேன் என்கிறார். ஏப்ரல் 5-ஆம் தேதி இது பத்திரமாகப் பதிவாகிறது.

சம்மதமும் தர மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். கல்யாணப் பேச்சு நடந்த எந்த வீட்டிலும் இந்தக் குரலைக் கேட்டிருப்போம். ஏப்ரல் 20-ஆம் தேதி, ஊருக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் நிறைய வாழ்ந்த ஸ்கிப்லாய்டன் என்ற கிராமத்தில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே வெர்மீர் மதம் மாறியிருப்பார் என்பது மான்டியாஸின் கணிப்பு. பிற்காலத்தில் பிறந்த ஒரு மகனுக்கு இக்னேஷியஸ் என்று யேசுசபைப் புனிதரின் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. அன்று பொறுத்துக்கொண்ட மாமியாரோ பின்னால் மருமகனின் முழு ஆதரவாக ஆனார். 1660-க்குள் வெர்மீர் குடும்பத்தோடு அவர் வீட்டிலேயே இருந்தார், யேசுசபையினரின் மறைவான கோயிலுக்குப் பக்கத்தில்.

மரியா தின்ஸின் வாழ்க்கையே தனிக் கதை. கணவர் கெளடா நகரத்துச் செங்கல் சூளைக்காரர், மனைவியை அடித்தவர். அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லி, 1641-ல் சட்டப்படி பிரிந்துதான் டெல்ஃப்டுக்கு வந்திருக்கிறார். மகன் வில்லெம் அப்பாவைப் போலவே வளர்ந்தான். 1660களின் முற்பகுதியில் அவன் வீட்டுக்கு வந்து தாயைக் கெட்ட வார்த்தையில் திட்டியதையும், கத்தியை உருவியதையும், நிறைமாதக் கர்ப்பிணியான தங்கை கதரீனாவை இரும்பு முனை வைத்த தடியால் குத்த வந்ததையும் 1666-ல் சாட்சிகள் நொத்தாரிசிடம் சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டு வேலைக்காரி டான்னெக்கா. அவனைப் பல தடவை தடுத்தவள் அவள்தான். கடைசியில் வில்லெமைத் தனியார் காப்பகம் ஒன்றில் அடைத்து வைத்தார்கள்.

நீல மேலாடை அணிந்து கடிதம் படிக்கும் பெண்ணையும், தராசு பிடித்திருக்கும் பெண்ணையும் வெர்மீர் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் வரைந்தார். வீட்டில் சத்தம் இருந்ததால்தான் படத்தில் அமைதியைத் தேடினார் என்று பலர் எழுதுகிறார்கள். அழகான யோசனைதான், ஆனால் எந்தப் பத்திரமும் அதைச் சொல்லவில்லை. 'பால் ஊற்றும் பெண்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தில் இருப்பவள் டான்னெக்காவாக இருக்கலாம் என்பதும் அப்படியே. மான்டியாஸை நான் மதிப்பதற்கு ஒரு காரணம், பத்திரம் நிற்கும் இடம் எது, தன் ஊகம் தொடங்கும் இடம் எது என்பதை வாசகருக்குத் தெரியும்படி எழுதுவார்.

சரி, அவருடைய பொருளாதாரப் படிப்பு இதில் எங்கே வருகிறது? ஓவியர்களின் சங்கமான புனித லூக்கா சங்கத்தின் பதிவேட்டில் வெர்மீர் 1653 டிசம்பர் 29-ல் சேர்ந்ததாக இருக்கிறது. சேர்க்கைக் கட்டணம் 6 கில்டர் (கில்டர் அன்றைய டச்சு நாணயம்). அவர் கட்டியது 1 கில்டர் 10 ஸ்டைவர், அதாவது ஒன்றரை கில்டர். மீதியை 1656-ல்தான் தீர்த்தார். அந்தக் காலத்துத் தேர்ந்த தச்சரின் நாள்கூலி ஒரு கில்டரைச் சுற்றி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த மீதி ஒரு வாரக் கூலிக்கும் குறைவான பணம். அதுவும் கையில் இல்லை. சங்க உறுப்பினரின் மகனுக்குக் கட்டணச் சலுகை இருந்தும் இவர் முழுத் தொகைக்குப் பதிவானதால், இவர் டெல்ஃப்டில் தொழில் கற்கவில்லை, வேறு ஊரில் கற்றிருக்க வேண்டும் என்றும் வாதம் உண்டு. ஒரே வரிக் கணக்கிலிருந்து இவ்வளவு.

மான்டியாஸின் 1982 புத்தகம் இந்த மாதிரி வரிகளை நூற்றுக்கணக்கான ஓவியர்கள், கண்ணாடிக்காரர்கள், பீங்கான் செய்பவர்கள், புத்தகக் கடைக்காரர்களுக்குச் சேர்த்துப் பார்க்கிறது. ஏழை வீட்டுப் பையன் தூரிகையோடு வந்து பெரிய ஓவியன் ஆவது அரிது என்று அதில் தெரிகிறது, ஏனென்றால் ஆறு ஆண்டுப் பயிற்சிக்குப் பெற்றோர்தான் பணம் கட்ட வேண்டும், அதுவரை பையனின் சம்பாத்தியமும் இல்லை. வழக்கறிஞர், பொற்கொல்லர், ஓவியர், ஓரளவு வசதியான கைவினைஞர், இவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். இன்னொன்று, சுவரில் மாட்டிய படங்களின் வகை காலப்போக்கில் மாறியது: பைபிள் காட்சிகளும் வரலாற்றுக் காட்சிகளும் குறைந்து நிலக்காட்சிகள் பெருகின. இதற்கு ரசனை ஒரு காரணம். மான்டியாஸ் அதோடு செலவையும் சேர்த்துப் பார்த்தார். யான் வான் கோயென் போன்ற ஓவியர்கள் சில நிறங்களை மட்டும் வைத்து, ஈரம் காய்வதற்குள் வேகமாக வரையும் முறைக்கு வந்தார்கள். நேரம் குறைந்தது, விலை குறைந்தது, சாதாரணக் கடைக்காரரும் நிலக்காட்சி வாங்க முடிந்தது. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி 1640-ல், கொல்லர் பட்டறையிலும் செருப்புத் தைப்பவர் கடையிலும்கூடப் படம் தொங்குகிறது என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். ஒரு நடை பிறப்பதற்கு நேரமும் கூலியும் காரணமாகலாம் என்று சொன்னது அப்போது கலை வரலாற்றாளர்கள் பலருக்குப் புதிது. ஆம்ஸ்டர்டாமின் 1,280 சொத்துப் பட்டியல்களிலிருந்து அவர் திரட்டிய 51,071 கலைப்பொருள்களின் தரவுத்தளத்தை இன்று நியூயார்க்கின் ஃப்ரிக் நூலகம் வைத்திருக்கிறது. யாரும் தேடிப் பார்க்கலாம்.

துப்பறியும் கதை போல இருப்பது வான் ராய்வன் விஷயம். யாக்கோப் டிசியஸ் என்ற அச்சகக்காரரின் வீட்டில் 20 வெர்மீர் ஓவியங்கள் இருந்தன என்று 1683-ல் எழுதிய ஒரு சொத்துப் பட்டியல் சொல்கிறது. இதைக் கண்டெடுத்தவர் பிரெடியஸ். 1696-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்தில் 21 வெர்மீர் ஓவியங்கள் விற்றன: டெல்ஃப்ட் நகரக் காட்சி 200 கில்டர், பால் ஊற்றும் பெண் 175 கில்டர். ஒரு சாதாரண அச்சகக்காரருக்கு இத்தனை படம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? வெகுகாலம் இதற்குப் பதிலில்லை. மான்டியாஸ் டிசியஸை விட்டுவிட்டு அவர் மனைவி மாக்தலேனாவின் பக்கம் போனார். மாக்தலேனாவின் அப்பா பீட்டர் வான் ராய்வன், டெல்ஃப்டின் பணக்காரர். அவர் 1657-ல் வெர்மீர் தம்பதிக்கு 200 கில்டர் கடன் கொடுத்திருக்கிறார். அவர் மனைவி மரியா டி க்னாய்ட் 1665-ல் எழுதிய உயிலில் வெர்மீருக்கு 500 கில்டர் ஒதுக்கியிருக்கிறார்; குடும்பத்துக்கு வெளியே ஓர் ஓவியருக்கு உயிலில் பங்கு என்பது மிக அரிது. படங்கள் இவர்கள் வாங்கியவை, மகள் வழியாக மருமகனுக்குப் போனவை. வெர்மீர் வாழ்நாளில் வரைந்ததில் கிட்டத்தட்டப் பாதியை ஒரே குடும்பம் வாங்கியிருக்கிறது என்றால், அவர் வருடத்துக்கு இரண்டு மூன்று படம் மட்டும் நிதானமாக வரைய முடிந்ததும், உயிரோடு இருந்தபோது டெல்ஃப்டுக்கு வெளியே அதிகம் பேசப்படாததும் புரிகிறது.

பிரெடியஸ் பற்றி இங்கே ஒன்று. எத்தனையோ ஆவணங்களைக் கண்டெடுத்த அவரே 1937-ல், வான் மேகரன் என்பவர் புதிதாக வரைந்த போலியை வெர்மீரின் தலைசிறந்த படம் என்று எழுதிவிட்டார். அன்று அவருக்கு 80 வயதுக்கு மேல். கண்ணை மட்டும் நம்பினால் எவ்வளவு பெரியவரும் வழுக்கலாம் என்பதற்காகவே இதை நினைத்துக்கொள்வேன்.

இப்போது ரொட்டிப் பாக்கி. ஹெண்ட்ரிக் வான் பாய்டன் என்ற ரொட்டிக்கடைக்காரர் படம் வாங்கும் பழக்கம் உள்ளவர். 1663-ல் மோங்கோனி என்ற பிரெஞ்சுக்காரர் வெர்மீரைத் தேடி டெல்ஃப்டுக்கு வந்தார். ஓவியரிடம் காட்ட ஒரு படமும் இல்லை. ரொட்டிக்கடைக்காரரிடம்தான் ஒன்று இருந்தது. 600 லிவர் கொடுத்து வாங்கியது என்றார்களாம். ஆறு பிஸ்டோல் கொடுத்தாலே அதிகம் என்று மோங்கோனி தன் குறிப்பில் எழுதினார். அதாவது சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு.

1672-ல் பிரான்ஸ் படையெடுத்தது. எதிரியைத் தடுக்க நிலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மரியா தின்ஸின் நிலங்கள் மூழ்கின, குத்தகை நின்றது. படம் வாங்க ஆள் இல்லை. 1675 ஜூலையில் வெர்மீர் ஆம்ஸ்டர்டாமில் 1,000 கில்டர் கடன் வாங்குகிறார். டிசம்பரில் இறக்கிறார், 43 வயது, 11 பிள்ளைகள். அடுத்த ஜனவரியில் கதரீனா ரொட்டிக்கடைக்கு இரண்டு படங்களைக் கொடுக்கிறார். பாக்கி 617 கில்டர். வருடம் 50 கில்டர் வீதம் அடைத்தால் படங்களைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். இரண்டு மூன்று ஆண்டு ரொட்டியின் விலை அது. அவ்வளவு காலம் பற்று எழுதி ரொட்டி கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். அவரைக் கல்நெஞ்சக்காரராகச் சித்திரிக்கும் எழுத்துகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஏப்ரலில் கதரீனா திவால் மனு கொடுத்தார், நம் பக்கம் மஞ்சள் கடுதாசி என்பார்களே அது. பின்னால் ஒரு மனுவில் அவர் சொல்வது இது: போரில் என் கணவரால் தன் படங்களையும் விற்க முடியவில்லை, விற்பதற்காக வாங்கி வைத்த மற்றவர்கள் படங்களும் தேங்கிவிட்டன, பிள்ளைகளின் பாரம் வேறு, அதை மனதில் போட்டுக்கொண்டு, பித்துப் பிடித்தவர் போலாகி, ஒன்று ஒன்றரை நாளில் நல்லபடியாக இருந்தவர் இறந்துபோனார். வெர்மீரின் மனதைப் பற்றி நமக்குக் கிடைத்த ஒரே வாக்குமூலம், கடன்காரர்களிடமிருந்து தப்ப மனைவி எழுதிய மனுவில் இருக்கிறது. நகரம் திவால் சொத்துக்கு நியமித்த பொறுப்பாளர், நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களைக் கண்ட லீவன்ஹூக். அவருக்கும் வெர்மீருக்கும் ஒரே கோயிலில் சில நாள் இடைவெளியில் ஞானஸ்நானம். ஆனால் உயிரோடு இருந்தபோது பழகினார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

இந்த முறைக்குக் குறைகள் உண்டு. சண்டையும் கடனும்தான் நொத்தாரிசிடம் போகும். கணவனும் மனைவியும் சிரித்துப் பேசிய நாள் எந்தப் பத்திரத்திலும் வராது. ஒன்றும் இல்லாத பரம ஏழைக்குச் சொத்துப் பட்டியலும் இல்லை. மான்டியாஸின் முடிவுகளும் நகர்கின்றன. 2023-ல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 28 வெர்மீர் ஓவியங்களை ஒரே இடத்தில் காட்டியபோது, உண்மையான புரவலர் வான் ராய்வன் இல்லை, அவர் மனைவி மரியா டி க்னாய்ட்தான் என்ற கருத்தை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அந்த உயில் அவர் கையால் வந்ததுதானே. மான்டியாஸே வெளியிட்ட ஆவணங்களை வைத்து அவரைத் திருத்த முடிகிறது என்பதை நான் அவர் வேலையின் பலமாகத்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலம் படிக்க முடிந்தால் வெர்மீர் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். கதைப் பகுதியைவிடப் பின்னால் உள்ள ஆவணத் தொகுப்பை முதலில் பாருங்கள் என்பேன். 1676 பிப்ரவரி 29-ஆம் தேதி எழுதிய வீட்டுப் பட்டியல் அதில் உண்டு. வெள்ளை ரோமம் வைத்துத் தைத்த மஞ்சள் சாட்டின் மேலாடை ஒன்று வரும். அதைப் பார்த்ததும் அவர் ஓவியங்களில் வரும் முத்துமாலைப் பெண்ணும் கடிதம் எழுதும் பெண்ணும் உங்களுக்கு நினைவுக்கு வருவார்கள். பிறகு மாடியின் முன்னறை. இரண்டு ஓவியத் தாங்கிகள், மூன்று வண்ணத்தட்டுகள், பத்து துணிச்சீலைகள், ஒரு மேசை. அதற்குக் கீழே, தனித்தனியாக எழுதும் அளவுக்கு மதிப்பில்லாத கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான்கள் என்று எழுதி, எழுத்தர் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.